ஜாடி யார் கையில் இருந்தது

“கையை விடுடி! என் பொண்ணு கையை விடுன்னு சொல்றேன்ல!”

“விடறேன் ஞா சுனில்டா. எண்ணி முடிச்சுட்டு விடறேன்.”

“என்னத்த எண்ணப் போறே? ரெண்டு வருஷமா எண்ணிக்கிட்டுத்தானே இருந்தே, எப்படா இந்தக் கல்யாணம் நிக்கும்னு!”

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. லம்பரே ஊரில், கோடை உச்சமான பிப்ரவரி மாதத்து மூன்று மணிக்கு நாய்கூடக் குரைக்காது. ஊரே சாத்தின கதவுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும். அதனால் சுனில்டாவின் குரல் முனையில் இருந்த மருந்துக்கடை வரைக்கும் போய் முட்டித் திரும்பியது. கதவுகள் ஒவ்வொன்றாக ஒரு விரல் அளவு திறந்தன. தூங்கினதாக யாரும் பிறகு சாதிக்க முடியாது.

சுனில்டா வீட்டு முற்றத்து மாமரத்தடியில், சனிக்கிழமை கல்யாணத்துக்கென்று அடுக்கியிருந்த அறுபது வாடகை நாற்காலிகளில் ஒன்றில் கல்யாணப் பெண் மிர்ணா சாய்ந்திருந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவள் எதிர்வீட்டு செல்சா. அரசாங்க ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டு நர்ஸ். வயதில் மூத்தவளை ‘ஞா’ போட்டுக் கூப்பிடுவது மரியாதை. அந்த மரியாதையை ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல் செல்சா சண்டை போட்டதுதான் சுனில்டாவுக்கு இன்னும் எரிச்சல்.

“காய்ச்சல் விட்டுடுச்சு! காலைலயே விட்டுடுச்சு! நீயே வந்து பாத்தியே!”

“விட்டதாலதான் வந்திருக்கேன்.”

“கேட்டீங்களா ஜனங்களே? காய்ச்சல் வந்தப்ப எட்டிப் பாக்கல, விட்டதும் வந்திருக்காளாம்!”

ஜனங்கள் கதவிடுக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், மிர்ணாவைக் கட்டிக்கொள்ளப் போகிற மெக்கானிக் ஓஸ்மார், அதற்கு முன்னால் ஏழு வருஷம் செல்சாவோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவன். வருகிற டிசம்பரில் கல்யாணம் என்று ஏழு டிசம்பர் சொன்னான். எட்டாவது வருவதற்குள் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விட்டான். அன்றைக்குத் தெரு முழுக்க அழுகைக்கும் பாத்திரம் பறப்பதற்கும் தயாராக நின்றது. செல்சா வாசலுக்கு வந்து, “ஃபேனை மட்டும் வெச்சுட்டுப் போ,” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறமும் அவள் அழுததாகத் தகவல் இல்லை. இதைத் தெரு இன்னும் மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்டவள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தெருவைத் தாண்டி வந்து, “மிர்ணாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்,” என்றால் யார் நம்புவார்கள்?

செல்சாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தது ஏதோ பக்கத்து அறையில் வானொலி ஓடுவதுபோலத் தெரிந்தது. பதினோரு நாளாகத் தொடர்ந்து இரவுப் பணி. வார்டில் கட்டிலுக்கு இருவர், வராந்தாத் தரையில் இருபது பேர். அந்தப் பதினோரு நாளில் ஆறு பேரை வெள்ளைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். முதல் ஆளைச் சுற்றியபோது முகத்தை மூட மனசு வரவில்லை. ஆறாவது ஆளுக்குத் துணியின் நீளம் போதுமா என்று மட்டும் பார்த்தாள்.

அன்று காலை ஏழு மணிக்குப் பணி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது இதே மாமரத்தடியில் தெரெரே சுற்று நடந்துகொண்டிருந்தது. மாட்டுக்கொம்புக் கோப்பையில் பச்சிலையோடு தேயிலை மாதிரியான ஓர் இலைத்தூளை அடைத்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலில் எல்லோரும் முறைவைத்துக் குடிப்பது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்ட கொண்டாட்டம். சுனில்டா கூப்பிட்டாள், பெருமையைக் காட்டத்தான். “வா செல்சா, ஒரு வாய் குடிச்சுட்டுப் போ. பாரு என் பொண்ணை, பச்சைத் தண்ணி மாதிரி குளுந்துட்டா!”

மிர்ணா சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். “நான் தேறிட்டேன் செல்சா.” அந்தக் கை சில்லென்று இருந்தது. லேசாக நசநசவென்று ஈரம். ஐஸ் தண்ணீர் ஜாடியைப் பிடித்த கை அப்படித்தான் இருக்கும் என்று செல்சாவின் மூளை ஒரு ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு கோப்பை குடித்தாள். “கிராசியாஸ்,” என்றாள். தெரெரே சுற்றில் நன்றி சொன்னால் இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்ச் செருப்போடு படுத்தாள்.

இரண்டு மணிக்கு வெக்கை எழுப்பியது. மின்சாரம் போயிருந்தது, அந்த ஃபேன் சும்மா நின்றது. ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்ததை ஜாடியில் போட்டுத் தனியாகத் தெரெரே குடிக்க உட்கார்ந்தாள். தனியாகக் குடிக்கிறவள் தானே ஊற்றி, தானே உறிஞ்ச வேண்டும். ஜாடியின் வேர்வை அவள் இடது கையை நனைத்தது. நனைந்த கையைப் பார்த்தாள்.

சுற்றில் ஒருவர்தான் ஊற்றுவார். ஜாடி அவர் கையை விட்டு நகராது. மற்றவர்களுக்குக் கோப்பை மட்டும்தான், அதுவும் நாலு உறிஞ்சுக்கு. காலையில் ஊற்றிக்கொண்டிருந்தது சுனில்டா. நோயாளியை ஊற்றவிடுவார்களா? மிர்ணாவின் கை அப்படி ஐஸாக இருக்க அவள் எதையும் பிடித்திருக்கவே இல்லை.

இது தெரிந்ததும் செல்சா எழுந்து ஓடினாள் என்று எழுதத்தான் ஆசை. பிறகு தெருவுக்குக் கிடைத்த சரியான விவரம் வேறு. அதை அது வருகிற இடத்தில் பார்ப்போம். இப்போதைக்கு அவள் இரத்த அழுத்தக் கருவியோடு மாமரத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டாள், சுனில்டாவும் தொண்டையைத் திறந்துவிட்டாள்.

“நூத்தி முப்பத்தாறு,” என்றாள் செல்சா, மணிக்கட்டை விட்டுவிட்டு. “நாடி நூலு மாதிரி ஓடுது.” மிர்ணாவின் விரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்திவிட்டுத் தன் விரலை எடுத்தாள். இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஐந்து எண்ணினாள். பிறகு புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

“தொண்ணூறு, எழுபத்தஞ்சு.”

“தொண்ணூறு நல்ல நம்பர்தானே! எனக்கு நூத்தியெழுபது இருக்கு, நானே நடமாடறேன்!”

“மேல இருக்கறதை விடுங்க ஞா. ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சுதான் இருக்கு. நாப்பது இருக்கணும். இந்தக் கொசுக்காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. ரத்தத்துல இருக்கற தண்ணி குழாய்க்கு வெளியில கசியுது. இருக்கறதை வெச்சு உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் பாத்து அனுப்புது. கை காலுக்கு நிறுத்திடுச்சு. அதான் சில்லுனு இருக்கு.”

“பேசறா பாரு, சிரிக்கிறா பாரு! சாகப்போறவ இப்படியா உக்காந்திருப்பா?”

“கடைசி வரைக்கும் பேசுவாங்க. அதான் இந்தக் காய்ச்சல்ல மோசம்.”

இதை அவள் பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். கொஞ்சம் பதறியிருந்தால், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் சுனில்டா நம்பியிருக்கலாம். செல்சாவிடம் அன்றைக்கு அது கையிருப்பில் இல்லை.

“நாலு மணிக்கு முடி அலங்காரக்காரி வரா,” என்றாள் சுனில்டா. “நீ கிளம்பு.”

அப்போதுதான் ஓஸ்மார் வந்து சேர்ந்தான், கல்யாண விருந்துக்கு மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய தன் பழைய டிரக்கோடு. முன்னவளையும் வரப்போகிறவளையும் ஒரே மரத்தடியில் பார்த்ததும் எஞ்சினை அணைக்கலாமா வேண்டாமா என்று அவனுக்கே சந்தேகம். சுனில்டா ஒரே மூச்சில் சொன்னாள்: “உன் பழைய ஆளு பொறாமையில என் பொண்ணை ஆஸ்பத்திரியில தள்ளப் பாக்குறா!”

ஓஸ்மார் செல்சாவின் முகத்தைப் பார்த்தான்.

“இல்ல ஞா,” என்றான். “இவ எனக்காக எதையும் பண்ண மாட்டா. நான் போறப்பகூட ஃபேனைத்தான் கேட்டா.”

கதவிடுக்குகளில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். சுனில்டாவின் வாய் திறந்தபடி நின்றது. அந்த இடைவெளியில் மிர்ணா பேசினாள். அதுவரை அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மா. நான் காலைலேருந்து ஒண்ணுக்கே போகல.”

“என்னடி?”

“இவ்ளோ தெரெரே குடிச்சேன். ஒரு சொட்டு போகல. வயிறும் வலிக்குது. நீ சந்தோஷமா இருந்தியேன்னு சொல்லல.”

எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் மடிந்தது. அவளோடு மூன்று வாடகை நாற்காலிகளும் சரிந்தன.

அதற்கப்புறம் சுனில்டா கத்தவே இல்லை. கத்தாத சுனில்டாவைத் தெரு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது. கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், எல்லா வண்டியும் காய்ச்சல்காரர்களை ஏற்றப் போயிருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். செல்சாவின் வீட்டு அலமாரியில் எப்போதும் இரண்டு சலைன் பை இருக்கும். பாதித் தெரு அவளிடம்தான் ஊசி போட்டுக்கொள்கிறது, பொறாமைக்காரி என்பதெல்லாம் ஊசி போட்டு முடித்த பிறகுதான். ஓஸ்மாரை அனுப்பினாள். எந்த அலமாரி என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதையும் கதவிடுக்குகள் குறித்துக்கொண்டன.

டிரக்கின் பின்பக்கத்தில் மிர்ணாவைப் படுக்கவைத்தார்கள். கிழங்கு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் அவள் கால்களைத் தூக்கி வைத்தாள் செல்சா. நரம்பு கிடைக்கவில்லை. எல்லாம் தட்டையாகப் போயிருந்தன. இரண்டு குத்து வீண். மூன்றாவது குத்தில் முழங்கை மடிப்பில் கிடைத்தது.

“இந்தப் பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க ஞா. கை இறங்கக் கூடாது.”

சுனில்டா தூக்கிப் பிடித்தாள். வலது கை வலித்தால் இடது, இடது வலித்தால் வலது. நாற்பது நிமிஷம், மூன்று சிக்னல், ஒரு ஊர்வலம்போல் நகர்ந்த கொசுமருந்து வண்டி. அதன் புகைக்குள்ளே மூவரும் இருமிக்கொண்டே போனார்கள். செல்சா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நகத்தை அழுத்தினாள். ஐந்து எண்ணிக்கை. ஐந்து. நான்கு. மறுபடி ஐந்து.

“பொழைச்சுக்குவாளா?” சுனில்டா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“தெரியல ஞா,” என்றாள் செல்சா. பொய் சொல்லக்கூடச் சற்றுச் சூடு வேண்டும்.

வார்டில் இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூன்று நாள் தாடி. செல்சாவைப் பார்த்ததும், “உனக்கு இன்னும் பணி நேரம் ஆகலையே?” என்றான். அவள் எண்களைச் சொன்னாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. எடைக்குக் கணக்குப் போட்டு, அரை மணிக்குள் உள்ளே போகிற மாதிரி வேகமாக ஒரு பை, பிறகு அளந்து பார், பிறகு இன்னொன்று. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, அழுத்தம், நகம், மூச்சு. செல்சா கையுறை போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். அது யார் புஜம், யார் கட்டப்போகிற பெண் என்பதெல்லாம் கையுறைக்கு வெளியில் நின்றன.

தொண்ணூறு, எழுபத்தாறு. தொண்ணூற்றிரண்டு, எழுபத்திநாலு. இரண்டாவது பை பாதியில் தொண்ணூற்றாறு, எழுபது. மிர்ணா ஏதோ முனகினாள். குழாய் வழியாகப் பையில் முதல் சொட்டுச் சிறுநீர் விழுந்தபோது டாக்டர் கைதட்டினான். செல்சா மணியைப் பார்த்து அட்டையில் எழுதினாள். ஆறு இருபது.

வெள்ளிக்கிழமை இரவெல்லாம் ஏற்ற இறக்கமாகப் போய், சனிக்கிழமை விடிந்ததும் டாக்டர் டிரிப்ஸைச் சொட்டுச்சொட்டாகக் குறைக்கச் சொன்னான். இதற்குள் சுனில்டாவுக்குத் தொண்டை திரும்பியிருந்தது.

“அன்னிக்குத் தண்ணி பத்தாது, பத்தாதுன்னு சொன்னே! இன்னிக்கு நிறுத்தறே! தெளிவாத்தான் பேசறியா?”

“வெளியில கசிஞ்ச தண்ணி இப்போ தானா உள்ள திரும்புது ஞா. இன்னும் ஊத்தினா நுரையீரல்ல ஏறிடும். பொழைச்சவளை மூழ்கடிச்ச மாதிரி ஆயிடும்.”

சுனில்டா சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கின ‘சீப்பா’ என்கிற சீஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து செல்சாவின் கையில் திணித்தாள். இது மன்னிப்பா, பசிக்குக் கொடுத்ததா என்று தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து வெகுநாள் பேசியது.

அந்தச் சனிக்கிழமை மாலை, மாமரத்தடியில் மாலைபோட்டு நிற்க வேண்டிய நேரத்தில், மிர்ணா தலையணையில் சாய்ந்திருந்தாள். இனி வருவது பக்கத்துக் கட்டில்காரி சொன்னது. அவள் நம் தெருத் தையல்காரியின் நாத்தனார். காய்ச்சல் உடம்பில் இருந்தாலும் காதில் இல்லை.

“அன்னிக்குக் காலைல என் கையைப் பிடிச்சியே,” என்றாள் மிர்ணா. “அப்ப உன் முகத்துல ஏதோ ஓடுச்சு. நான் பாத்தேன்.”

செல்சா அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். “ஐஸ்னு நெனச்சேன்.”

“அப்புறம் எப்ப தெரிஞ்சுது?”

“ரெண்டு மணிக்கு.”

“நீ வந்தது மூணு மணிக்கு.”

“ஜாடில தண்ணி இருந்துச்சு. குடிச்சு முடிச்சேன். ஆறு கோப்பை, ஏழு கோப்பை இருக்கும். அப்புறம் செருப்பு போட்டுக்கிட்டு வந்தேன்.”

“நான் சாகட்டும்னா?”

செல்சா பேனாவை மூடினாள். யோசித்தாள். பக்கத்துக் கட்டில்காரி சத்தியம் செய்கிறாள், நிஜமாகவே யோசித்தாளாம். தன் பைக்குள் சாவி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

“அப்படி ஒண்ணு உள்ள இருந்துச்சான்னு பாத்தேன். அதுவும் இல்ல. எதுவுமே இல்ல. உன் கை சில்லுனு இருந்துச்சுன்னு தெரியுது, அது எதனாலன்னும் தெரியுது, கால் எழும்பல. ஏழு கோப்பை குடிக்கற நேரம் ஆச்சு எழும்ப.”

“இதை யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள் மிர்ணா.

“ஏன்?”

“அம்மா உன்னைக் கொன்னுடுவா.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு வேறு குரலில் சொன்னாள்: “ஓஸ்மார் வியாழக்கிழமை காலைலேருந்து என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். கிழங்கு வாங்கப் போற வரைக்கும். இந்தக் கையைத்தான் பிடிச்சுக்கிட்டே இருந்தான். ‘இந்த வெயில்ல எவ்ளோ ஜில்லுனு இருக்கே, விடவே மனசில்ல’ன்னான். அதைத் தூக்கித் தன் கன்னத்துல வெச்சுக்கிட்டான்.”

செல்சா அட்டையைக் கட்டில் கம்பியில் மாட்டினாள்.

“நாலு மணி நேரம் செல்சா. அவனுக்குக் காத்து வாங்கின மாதிரி இருந்திருக்கு.”

“அவனுக்கு என்ன தெரியும்? மெக்கானிக்.”

“அதான். எஞ்சின் சூடானா தெரியும்.” மிர்ணா கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். “நீ ஏழு வருஷம் எப்படி இருந்தே அவன்கூட?”

“பணிக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள் செல்சா.

அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாளாம், கட்டில் விளிம்பில், நோயாளியின் காலருகே. நர்ஸுகள் அப்படி உட்காரக் கூடாது. அழுதாளா என்று பக்கத்துக் கட்டில்காரியை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். முதுகுதான் தெரிந்தது என்கிறாள். முதுகு கொஞ்சம் ஆடியது, ஆனால் அந்த வார்டில் எல்லோருக்கும்தான் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தது என்கிறாள். பத்து நிமிஷம் கழித்து எழுந்து மிர்ணாவின் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மிர்ணா செவ்வாய்க்கிழமை வீடு வந்தாள். நாற்காலிகள் திரும்பிப் போயிருந்தன. கல்யாணத்துக்கு வேறு தேதி என்னவென்று ஓஸ்மார் மூன்று முறை வந்து கேட்டான். மூன்றாவது முறை மிர்ணாவே வாசலுக்கு வந்து பேசினாள். மெதுவாகப் பேசியதால் கதவிடுக்குகளுக்கு நஷ்டம். அவன் போகிறபோது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது.

சுனில்டா ஒரு மாதம் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள், கல்யாணத்தை நிறுத்தியது செல்சாதான் என்று. மகளைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், “அதுவும் அவதான், அதுக்கென்ன இப்போ?” என்பாள்.

மிர்ணா அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்பெயினுக்குப் போனாள். மலாகாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஓஸ்மார் அதற்குள் இத்தா என்ற ஊரில் மண்பானை விற்கிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளை நம் தெருவில் யாரும் பார்த்ததில்லை, பார்க்க இரண்டு பேர் பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். செல்சா வடக்கே சாக்கோ என்ற வறண்ட காட்டுப் பகுதியில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தனியாகத்தான் போனாள். கல்யாணம் எதுவும் செய்துகொண்டதாக இதுவரை சேதி இல்லை. அவள் வீட்டில் இப்போது இருப்பது ஒரு தபால்காரரும் அவர் மனைவியும், கதவை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்கள்.